இரண்டு தொட்டிச் சிங்க்கும் ஒரு கார்பரேற்றரும்

எங்கள் வீட்டுக் குசினிச் சிங்க்கில் இரண்டு தொட்டிகள். இடதுபக்கத் தொட்டி மச்சத்துக்கு. மீன், இறைச்சி, முட்டை பட்ட எந்தச் சட்டியும் அதற்குள்தான் கழுவப்பட வேண்டும். வலதுபக்கத் தொட்டி சைவத்துக்கு. மச்சப் பக்கத்துக்கு மஞ்சள் ஸ்பொஞ்சு, சைவப் பக்கத்துக்குப் பச்சை ஸ்பொஞ்சு. மாற்றிப் பாவித்தால் அம்மா சத்தம் போடமாட்டார். அந்த ஸ்பொஞ்சை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக்குள் போட்டுவிட்டுப் பேசாமல் புதியதைப் பிரிப்பார். சத்தமே போட்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும்.

ஸ்ரௌவ்வில்லில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று அப்பா பேஸ்மென்ற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் எனக்கு எந்த அறை என்று ஓடித் திரிந்தேன். அம்மா நேரே குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தார். "ரெண்டு தொட்டி இருக்கு" என்றார். அதோடு வீடு முடிவாகிவிட்டது.

அதற்குக் காரணம் இருந்தது. ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த அபார்ட்மென்ற்றில் ஒற்றைத் தொட்டிதான். மச்சமும் சைவமும் ஒன்றாகப் புழங்கும் இடத்தில் கந்தசஷ்டி பிடிக்க முடியாது என்று அம்மா ஒவ்வொரு வருடமும் ஆறு நாளுக்கும் பெட்டி கட்டிக்கொண்டு மிசிசாகாவில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே விரதமும் இருப்பார், தன் அக்காவின் அதிகாரத்தையும் தாங்குவார். இரண்டில் எது கடினம் என்று நான் கேட்டதில்லை. வீட்டுக்குத் திரும்பி வரும்போது அவருடைய முகத்தைப் பார்த்தால் கேட்கத் தேவையிருக்காது.

ஆக, சொந்த வீட்டில், சொந்தக் குசினியில், அம்மா பிடிக்கப்போகும் முதல் கந்தசஷ்டி இது. எங்களுக்குத் தீபாவளியைவிட இதுதான் பெரிய விஷயமாக இருந்தது. இதில்தான் அப்பா எலும்பைப் போட்டார்.

மச்சத் தொட்டிக்கு அடியில் ஒரு கார்பரேற்றர், அதாவது சாப்பாட்டுக் கழிவை அரைக்கும் மிசின், தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டோடு வந்தது. தொட்டியின் ஓட்டைக்குள் மிச்சம் மீதியைத் தள்ளிவிட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் உறுமிக்கொண்டு அரைத்துக் குழாய்க்குள் அனுப்பிவிடும். அம்மாவுக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. அப்பாவுக்கு அது விளையாட்டுச் சாமான். தீபாவளியன்று மத்தியானம் ஆட்டிறைச்சி சாப்பிட்டு முடிந்ததும் கோப்பையில் இருந்த எலும்பு முழுவதையும் உள்ளே தள்ளினார்.

"உதுக்குள்ள எலும்பு போடலாமோ அப்பா?" என்று கேட்டேன்.

"எலும்பு அரைக்காட்டில் பிறகென்னத்துக்கு மிசின்?"

மிசின் ஒரு முறை கத்தியது. பிறகு நின்றுவிட்டது. சற்று நேரத்தில் சிங்க்குக்குக் கீழிருந்த அலமாரிக் கதவின் அடியால் கறுப்புத் தண்ணீர் மெதுவாக வெளியே வந்தது.

மறுநாள் ஞாயிறு. திங்கள் விரதம் தொடங்குகிறது. பிளம்பரைக் கூப்பிட்டால் வியாழக்கிழமைதான் வரலாம் என்றார். பெரியம்மாவுக்கு இந்தச் செய்தி எப்படிப் போனதோ தெரியாது, ஞாயிறு காலையிலேயே போன் வந்துவிட்டது. அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னனான் எல்லே, புது வீடெண்டால் நாலு பழுது இருக்கும் எண்டு. நீ பேசாமல் இஞ்சை வா. வழக்கம்போல இஞ்சையே நிண்டு பிடி. மரக்கறி வெட்டவும் எனக்கு ஒரு ஆள் வேணும்."

துருவலின் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது. சிறிது நேரத்தில் அவருடைய நீலப் பை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "அம்மா, நானே மாத்துறன். வீடியோ பாத்தனான். ஒண்டும் பெரிய வேலையில்லை."

அம்மா பையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நீ தொடங்கினதெல்லாம் கராஜுக்குள்ளதான் கிடக்கு. உதையும் கொண்டுபோய் அங்கை வைக்காதை."

கராஜில் பாதி நிறம் பூசிய மேசை ஒன்று இருக்கிறது, உண்மைதான். ஒரு தையல் மிசினும் இருக்கிறது. ஒற்றைச் சக்கரச் சைக்கிளைப் பற்றி நான் இங்கே பேச விரும்பவில்லை.

"பின்னேரம் விளக்கு வைக்கிறதுக்குள்ள சிங்க் பாவிக்கக்கூடியதா இருக்கோணும்," என்றார் அம்மா. "இல்லாட்டி நான் அக்கா வீட்டை போறன்."

கடை திறந்ததும் போய்ப் புதிய கார்பரேற்றர் ஒன்றை வாங்கி வந்தேன். பெட்டியில் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம் இருந்தது. வீடியோவில் வந்த அமெரிக்கர் அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. நான் எங்கள் அலமாரிக் கதவைத் திறந்தேன். பைகளுக்குள் பைகள் அடைத்த பை ஒன்று, கழுவி வைத்த ஐஸ்கிரீம் டப்பாக்கள், வெங்காயம், தேங்காய், ஒரு பழைய இடியப்ப உரல். எல்லாவற்றையும் இழுத்து வெளியே வைத்து முடிக்கவே எனக்குப் பாதி உற்சாகம் போய்விட்டது.

பேஸ்மென்ற்றில் கரண்டை நிறுத்திவிட்டு வந்து மல்லாக்கப் படுத்து உள்ளே தலையை விட்டேன். அங்கே ஒன்றைக் கண்டேன். மச்சத் தொட்டியிலிருந்து ஒரு குழாய் வருகிறது. சைவத் தொட்டியிலிருந்து ஒரு குழாய் வருகிறது. இரண்டும் ஒரு சாண் தூரத்தில் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே குழாயாக வளைந்து சுவருக்குள் போகின்றன.

யோசித்துப் பார்த்தால் அப்படித்தானே இருக்க வேண்டும். ஆனால் நான் யோசித்துப் பார்த்ததில்லை. அம்மாவும் யோசித்திருக்கமாட்டார். மேலே இரண்டு நிற ஸ்பொஞ்சு வைத்துக் கட்டிக் காத்த ராச்சியம் கீழே ஒரு சாணில் முடிந்துபோயிருந்தது. விரதத்துக்கு முதல் நாள் சொல்லக்கூடிய விஷயம் இது இல்லை என்று முடிவு செய்து வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு வெளிச்சம் பிடிக்க அப்பா வந்தார். கூடவே ஒஷாவா அங்கிளையும் கூட்டி வந்தார், வீடியோ கோலில். ஒஷாவா அங்கிள் ஒஷாவாவில் இருக்கும் அப்பாவின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். எங்கள் வீட்டில் எது பழுதானாலும் அவரிடம் கேட்காமல் அப்பாவுக்கு நித்திரை வராது. சிக்கல் என்னவென்றால், அப்பாவின் போன்தான் ரோச் லைற்றும். அங்கிளோடு பேச ஒரு பக்கம் திருப்பினால் எனக்கு இருட்டு. என் பக்கம் பிடித்தால் அங்கிளுக்கு இருட்டு.

"அப்பா, வெளிச்சம்!"

"பொறு பிள்ளை, அங்கிள் என்னவோ சொல்லுறார்."

"மச்சான், எனக்கு உன்ர மூக்குத்தான் தெரியுது," என்றது போன். "போனைத் திருப்படா. பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். உதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு நேராய் ஒரு பைப்பைப் பூட்டு. எங்கடை வீட்டில உந்த மிசின் இல்லை. நாங்கள் சாப்பிடேல்லையே?"

"நான் புதுசு வாங்கிட்டன் அங்கிள்."

"திருப்பிக் குடு."

"அங்கிள், எனக்குப் பூட்டத் தெரியும்."

"அது சரி. கழட்டத் தெரியுமோ?"

அது நியாயமான கேள்வி என்பது அடுத்த சில நிமிடங்களில் தெரிந்தது. பழைய மிசினைத் தொட்டியோடு பிடித்திருந்த வளையம் அசையவில்லை. ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினேன், அசையவில்லை. சுத்தியலால் தட்டினேன். "மெல்லமாய்த் தட்டு, சாமியறைச் சுவர் அது!" என்று அம்மா அடுப்படியில் இருந்து கத்தினார். கடைசியில் அது திடீரென்று, எந்த முன்னறிவித்தலும் இல்லாமல், சுழன்று கழன்றது. அந்தப் பாரம் என் நெஞ்சில் இறங்கியது. அதற்குள் இருந்த தீபாவளி முழுவதும் என் கழுத்தில் இறங்கியது.

"கழண்டிட்டுது," என்றேன்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை," என்றார் அங்கிள்.

அதன் பிறகு எல்லாம் சரியாகவே போனது என்று சொல்ல ஆசைதான். புதிய விளிம்பைத் தொட்டியில் பதிக்க முதல் அதற்கடியில் ஒழுகாமல் அடைக்கும் களிமண் போன்ற பசை வைக்க வேண்டும்; கொழுக்கட்டை மா மாதிரி உருட்டிக் கயிறாக்கிச் சுற்ற வேண்டும். நான் அதை அவசரத்தில் ரொட்டிப் பலகையில் வைத்து உருட்டிவிட்டேன். அம்மா வந்து பார்த்தார். பலகையைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனார். என் ஒற்றைச் சக்கரச் சைக்கிளுக்குப் பக்கத்தில் இப்போது அதுவும் இருக்கிறது.

பிறகு புதிய மிசின் பழையதைவிடக் கட்டை என்று தெரிந்தது. அதன் வாய் மேலே நிற்கிறது, குழாய் கீழே நிற்கிறது, நடுவில் ஆகாயம். எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. பெட்டியில் சிரித்த குடும்பத்துக்குப் பொருந்தியிருக்கும். கீழ்க் குழாய் முழுவதையும் கழற்றி எடுத்துக்கொண்டு, அதே அளவில் நீளமான துண்டு தேடி மறுபடி கடைக்கு ஓடினேன். சுவரில் குழாய் போகும் ஓட்டை ஆவென்று திறந்து கிடந்தது. நான் காதில் இயர்போனை மாட்டி அடுத்த வீடியோவைக் கேட்டுக்கொண்டே சப்பாத்தைப் போட்டேன். அம்மா வாசலில் நின்று மூக்கைச் சுளித்து என்னவோ சொன்னார். நான் ஓமென்று தலையாட்டினேன். என்னவென்று கேட்டிருக்கலாம்.

திரும்பி வந்து பூட்டினேன். குழாய் சுவருக்குள் போகும்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. புதுச் சாமான், அப்படித்தான் இருக்கும் என்று தள்ளிவிட்டு இறுக்கினேன். ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு துளியும் ஒழுகவில்லை. அலமாரிக்குள் படுத்துக்கொண்டே இரண்டு கையையும் உயர்த்தினேன். கரண்டைப் போட்டு வந்தேன்.

பின்னேரம் ஆகிக்கொண்டிருந்தது. அம்மா சைவத் தொட்டியில் குத்துவிளக்கையும் பூசைச் சாமான்களையும் போட்டுப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. வாசலில் இருந்த பையை ஒருமுறை திரும்பிப் பார்த்து, "அக்காவுக்குச் சொல்லோணும், வரேல்லை எண்டு," என்றார்.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் தீபாவளிக்கு இரண்டு நாள் முந்தி வைத்த மீன் குழம்பு மிச்சம் இருந்தது. விளக்கு வைக்க முதல் வீட்டில் இருக்கும் மச்சமெல்லாம் வெளியே போய்விட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அப்பா அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் கண் மின்னியது.

"முள்ளு இல்லை பிள்ளை. நான் பாத்திட்டன்," என்றார்.

குழம்பு முழுவதையும் இடதுபக்கத் தொட்டியில் கவிழ்த்தார். குழாயை முழுதாகத் திறந்தார். சுவிட்சைத் தட்டினார். புதிய மிசின் என்ன அமைதியாக ஓடியது தெரியுமா! ஒரு பூனை உறுமுவது மாதிரி. நான் பெருமையோடு அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா தன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அந்தத் தொட்டியின் ஓட்டையிலிருந்து ஒரு குமிழி வந்தது. பிறகு சிவப்பாக ஒரு சுழி. பிறகு மிளகாய்த்தூளும் புளியும் தேங்காய்ப்பாலும் அரைத்த மீனும் ஒன்றாகச் சேர்ந்து குத்துவிளக்கின் அடியைச் சுற்றி ஏறத் தொடங்கியது. கறிவேப்பிலை ஒன்று பூசை மணியின் வாயில் போய் ஒட்டிக்கொண்டது.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன்.

அப்பா பதறிப்போய்க் குழாயை நிறுத்தினார். மிசின் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் பாய்ந்து சுவிட்சைத் தட்டினேன்.

அம்மா இரண்டு கையையும் தண்ணீரில் இருந்து எடுத்து முன்னால் நீட்டியபடி நின்றார். விரல்களில் இருந்து சொட்டியது.

"மீன்," என்றார் மெதுவாக. "என்ர விளக்கில மீன்."

"என்ன நடந்தது?" என்றது, இன்னும் அங்கிளோடு இணைப்பிலேயே மேசையில் மல்லாக்கக் கிடந்த அப்பாவின் போன். "ஏன் ஒருத்தரும் கதைக்கிறியள் இல்லை? எனக்கு முகடுதான் தெரியுது!"

"அது எப்பிடி இந்தப் பக்கத்தாலை வரும்?" அம்மா என்னைத்தான் கேட்டார். "அந்தப் பக்கத்தில போட்டது எப்பிடி இந்தப் பக்கத்தாலை வரும்?"

வேறு வழி இருக்கவில்லை. "ரெண்டும் கீழை ஒண்டாத்தானம்மா போகுது."

அம்மா அங்கே கையைக் கழுவவில்லை, மீன் ஏறிய சிங்க்கில் எப்படிக் கழுவுவது? மேலே குளியலறைக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தார். நேரே வாசலுக்குப் போனார். "காரை எடுங்கோ," என்றார் அப்பாவிடம்.

"இஞ்சரும், கொஞ்சம் பொறுமன்..."

"காரை எடுங்கோ எண்டிறன்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை; மிசின்மேல், அப்பாமேல், அந்த அமெரிக்கர்மேல். ஒன்று மட்டும் தெரிந்தது: அடைப்பு எங்கோ இருக்கிறது. இல்லாவிட்டால் தண்ணீர் மேலே ஏறாது. வாளியை வைத்துக் கீழ்க் குழாயைக் கழற்றினேன். மீன் குழம்பு மறுபடி என் கழுத்தால் போனது. சுவர் ஓட்டைக்குள் விரலை விட்டேன். ஏதோ மெத்தென்று, துணி மாதிரி. உடுப்புக் கொழுவும் கம்பி ஒன்றை வளைத்துக் கொளுக்கியாக்கி உள்ளே விட்டு இழுத்தேன். வந்தது. இன்னும் வந்தது. நீளமாக, கட்டம் போட்ட துணியாக வந்துகொண்டேயிருந்தது.

"உது என்ர சாரமெல்லோ!" என்றார் அப்பா.

வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். அப்பா வீட்டில் இடுப்பில் உடுத்தும் சாரத்தின் கிழிந்த துண்டைப் பார்த்தார். மாட்டிய சப்பாத்தை மெதுவாகக் கழற்றினார்.

"நான்தான் வைச்சனான்," என்றார்.

"அம்மா!"

"நீ திறந்துபோட்டுப் போட்டாய். உதுக்குள்ளாலை வந்த மணம், கடவுளே! சாமியறை வரைக்கும் போகுது. நாளைக்கு விரதம். நான் என்ன செய்ய? கிழிச்சு அடைச்சனான்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னனான். நீதான் காதுக்குள்ள உதைச் செருகிக்கொண்டு ஓமோமெண்டு தலையாட்டினனீ."

நான் அலமாரிக்குள் தலையை வைத்தபடியே கண்ணை மூடினேன். அங்கிள் போனுக்குள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அப்பா போய் அதை நிறுத்தினார்.

சற்று நேரத்தில் என் பக்கத்தில் யாரோ முழங்காலில் உட்கார்ந்தார்கள். அம்மா. "வெளிச்சத்தைப் பிடிங்கோ," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நான் குழாயைத் தொட்டுக் காட்டினேன். இது மச்சப் பக்கத்தால் வருவது. இது சைவப் பக்கத்தால் வருவது. இங்கே சேருகிறது.

"அப்ப வந்த நாளிலையிருந்து ரெண்டும் இதுக்குள்ளாலைதான் போனதோ?"

"ஓம்."

கொஞ்சம் யோசித்தார். "அக்கா வீட்டிலையும் உப்பிடித்தானோ?"

"எல்லா வீட்டிலையும் உப்பிடித்தானம்மா."

"அக்கா வீட்டிலையும்," என்று மறுபடி சொன்னார், கேள்வியாக இல்லாமல். அவருடைய வாயோரம் ஏதோ அசைந்தது. எழும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"கீழை போறது எங்கை போய்ச் சேர்ந்தாலும் எனக்கென்ன," என்றார். "மேலை வராமல் இருந்தால் காணும். கெதியாப் பூட்டு. விளக்கு வைக்க நேரமாகுது."

பூட்டினேன். இந்தமுறை இரண்டு தொட்டியையும் நிரப்பித் திறந்துவிட்டேன். இரண்டும் சுழித்துக்கொண்டு இறங்கின. அம்மா என்னை விலகச் சொல்லிவிட்டு, கொதிதண்ணீரும் உப்பும் மஞ்சளுமாக ஊற்றி ஊற்றிச் சைவத் தொட்டியைத் தேய்த்தார். பிறகு விளக்கைப் புளி போட்டு முதலில் இருந்து தேய்த்தார். மணியின் நாக்கை மட்டும் தனியாகக் கழுவினார். பழைய பச்சை ஸ்பொஞ்சு இரண்டு விரலில் தூக்கப்பட்டுக் குப்பைக்குள் போனது.

போன் அடித்தது. பெரியம்மா.

"வெளிக்கிட்டிட்டியளோ?"

"இல்லையக்கா. நான் வரேல்லை. இஞ்சையே பிடிக்கிறன்."

"சிங்க் சரிவந்திட்டுதோ?"

"ஓம், ஓம். மகள் பூட்டிட்டாள்." அம்மா சிங்க்கின் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்கடை சிங்க்குக்குக் கீழை ஒருக்கால் குனிஞ்சு பாருங்கோவன்."

"என்னத்துக்கு?"

"சும்மா பாருங்கோ."

போனை வைத்துவிட்டு வந்து, சுவரில் இருந்த கார்பரேற்றர் சுவிட்சின் மேல் ஒரு துண்டு செலோரேப்பை ஒட்டினார். தொட்டியின் ஓட்டையை ஒரு எவர்சில்வர் தட்டால் மூடினார்.

"விரதம் முடியும்வரைக்கும் உதை ஒருத்தரும் போடக்கூடாது. மிச்சம் எல்லாம் கிறீன் பின் குப்பை வாளிக்குள்ள."

என் தலைமயிரில் கறிவேப்பிலை இருந்தது. "அப்ப நான் காலமையிலையிருந்து ஏனம்மா உதைப் பூட்டினனான்?"

"ஆர் உன்னைப் பூட்டச் சொன்னது? அங்கிள் பைப்பைப் பூட்டச் சொன்னவரெல்லோ?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது சாமியறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து நீலப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு நூல்சேலை, திருநீற்றுப் பெட்டி, பாராயணப் புத்தகம். அடியில் கையை விட்டு, பிரிக்காத பச்சை ஸ்பொஞ்சு ஒன்றை எடுத்தார். பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது தன்னுடையதைக் கொண்டுபோவார் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. உறையைப் பல்லால் கிழித்து, குசினிக்குப் போய், சிங்க்கின் வலதுபக்க விளிம்பில் அதை வைத்தார். ஒரு முறை நேராக்கியும் வைத்தார்.